பழைய தோட்ட டிராக்டர்: வாசகர் கேள்விகளும் பட்டறைப் பதில்களும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏக்கர் கணக்கில் புல்வெளியோடு வீடு வாங்குபவர்கள் சிலருக்கு, கொட்டகையில் கிடக்கும் 1960, 70களின் தோட்ட டிராக்டரும் சேர்ந்தே வந்துவிடுகிறது. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவை இங்கே.

கேள்வி: எங்களிடம் இருப்பது கப் கேடட் 104. பத்துக் குதிரைசக்தி கோலர் கே-241 என்ஜின். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் புல் வெட்டியதும் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. கம்பிரஷன் 60 பவுண்டுதான் காட்டுகிறது, என்ஜின் முடிந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். உண்மையா? (வாசகர், ஒஹையோ)

பதில்: கம்பிரஷன் கேஜ் சொல்வதை வைத்து இந்த என்ஜினுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. இதில் ஏ.சி.ஆர். என்ற அமைப்பு கேம்ஷாஃப்டிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அழுத்தத்தை வெளியே விடும். வேகம் நிமிடத்துக்கு 650 சுற்றைத் தாண்டினால்தான் விலகும். அதனால் ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் கேஜ் குறைத்துத்தான் காட்டும். நிஜ நிலவரம் தெரிய வேண்டுமானால் லீக்-டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பிஸ்டனைக் கம்பிரஷன் மேல்முனையில் நிறுத்தி, கிராங்க் சுழலாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் காற்று ஏற்ற வேண்டும். காற்று கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, டிப்ஸ்டிக் குழாயில் வந்தால் ரிங்.

ஆனால் சூடானதும் நிற்பது பெரும்பாலும் இக்னிஷன் நோய். நின்ற அந்த நிமிடமே, ஆறுவதற்குள், மூன்றைப் பாருங்கள். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, கதை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் பிளக்கைக் கழற்றி, ஓட்டையிலிருந்து தள்ளி உலோகத்தில் பிடித்து என்ஜினைச் சுற்றுங்கள். பொறி இல்லை, அல்லது மஞ்சளாய்ச் சோம்பலாய் வருகிறது என்றால் கன்டன்சரையும், பொறிக்காக மின்சுற்றைத் திறந்து மூடும் பாயின்டையும் சேர்த்து மாற்றுங்கள். அதன் பிறகும் சூட்டில் பொறி போனால், பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில்தான் காரணம். பொறி நீலமாய்ச் சுள்ளென்று வருகிறது, பிளக் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம்.

பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது 20 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது ஆரம்பம் மட்டும்தான். முடிவு செய்வது டைமிங். காயில் ஒயரைப் பாயின்டிலிருந்து கழற்றி, பாயின்டுக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, ஃபிளைவீலைக் கையால் ஓடும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். ஃபிளைவீலில் உள்ள 'எஸ்' குறி, பார்வைத் துளையின் குறிக்கு நேரே வரும்போது பாயின்ட் அப்போதுதான் திறக்க வேண்டும். அது மேல்முனைக்கு 20 டிகிரி முன்பு. மீட்டர் அசையவே இல்லையென்றால் பயப்படாதீர்கள், கேம்ஷாஃப்ட் தள்ளுவதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். இன்னொரு சுற்று சுற்றுங்கள். குறி பொருந்த இடைவெளியை 17 முதல் 23 தவ் வரை நகர்த்தலாம். பாயின்ட் முகத்தில் எண்ணெய் படிந்திருந்தால், அதைத் தள்ளும் ராட் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. துடைத்து வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

இவ்வளவும் சரியாக இருந்து, சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி குறைந்திருக்கும். குளிர்ந்த நிலையில் இன்டேக் 8 முதல் 10 தவ், எக்ஸாஸ்ட் 17 முதல் 20 தவ். கே-241-இல் டாப்பெட் திருகு இருப்பதால் இரண்டு மெல்லிய ஸ்பேனரால் சரிசெய்துவிடலாம். இதே குடும்பத்தின் சின்ன என்ஜின்களான கே-161, கே-181-இல் அந்த வசதி கிடையாது, வால்வுத் தண்டின் நுனியைத்தான் தேய்க்க வேண்டும்.

ஹெட்டின் மேல் உள்ள தகரத்தையும் ஒருமுறை கழற்றுங்கள். கூலிங் இறக்கைகளுக்குள் எலி கூடு கட்டியிருப்பது இந்த டிராக்டர்களில் அதிசயமே இல்லை.

கேள்வி: அதே கப் கேடட்தான், கியர் மாடல். கியர்பாக்ஸ் எண்ணெய் பால் காபி நிறத்தில் இருக்கிறது. சீல் போய்விட்டதா? (வாசகர், பென்சில்வேனியா)

பதில்: சீல் போனால் எண்ணெய் வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகாது. கியர் லிவரின் அடியில் உள்ள ரப்பர் பூட் கிழிந்திருக்கும். வெளியே நிறுத்திய டிராக்டரில் மழைநீர் லிவர் வழியாக வடிந்து நேராக உள்ளே இறங்கும். முதலில் பூட்டை மாற்றுங்கள்; எண்ணெயை மாற்றிவிட்டு பூட்டை மறப்பவர்கள்தான் அதிகம்.

ஓட்டிச் சூடாக்கி வடியுங்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி, பின்சக்கரங்களைத் தூக்கி வைத்துக் கையால் சில சுற்று சுற்றி, அதையும் வடித்துவிடுங்கள். கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் மாடலில் மண்ணெண்ணெய் வேலையே வேண்டாம். அங்கே எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். இரண்டுக்கும் ஹை-ட்ரான் என்ற டிரான்ஸ்மிஷன் எண்ணெய்தான், 7 குவார்ட், சுமார் 6.6 லிட்டர். கடையில் மலிவாகக் கிடைக்கும் 90 கியர் ஆயில் வீல் ஹார்ஸ் என்ற இன்னொரு டிராக்டரின் கியர்பாக்ஸுக்குச் சரி, இதற்கு ஆகாது.

கேள்வி: கே-241 என்ஜினில், வேகம் எல்லை மீறாமல் பிடித்துவைக்கும் கவர்னரைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், இண்டியானா)

பதில்: கூடாது. இந்த என்ஜினின் உச்சவரம்பு நிமிடத்துக்கு 3600 சுற்று. கனெக்டிங் ராட் அலுமினியம். எண்ணெய் பம்பும் கிடையாது, ராட் அடியில் உள்ள கரண்டி அடித்துத் தெளிக்கும் எண்ணெய்தான். முதலில் ராட் உடைந்து பிளாக்கில் ஓட்டை போடும். அதைவிட மோசம், வார்ப்பிரும்பு ஃபிளைவீல் வெடிப்பது. அது உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் சுற்றுகிறது. இழுவைப் போட்டிக்காரர்கள் கவர்னர் இல்லாமல் ஓட்டுகிறார்களே என்றால், அவர்கள் எஃகு ஃபிளைவீலும் முழு உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பில்லெட் ராடும் பாதுகாப்புக் கவசமும் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

கேள்வி: ஸ்டார்ட் செய்வதும் சார்ஜ் ஏற்றுவதும் ஒரே மோட்டாரான ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் நன்றாகச் சுற்றி என்ஜினைக் கிளப்புகிறது. ஆனால் பேட்டரி சார்ஜ் ஆவதே இல்லை. ரெகுலேட்டரும் புதிது. (வாசகர், ஒன்டாரியோ)

பதில்: என்ஜினைச் சுற்ற முடிகிறதென்றால் ஆர்மேச்சரும் பிரஷும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. புதிய ரெகுலேட்டரை பெயின்ட் அடித்த தகரத்தில் முடுக்கியிருந்தால் எர்த் கிடைக்காது. பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். அடுத்து போலரைஸ் செய்தீர்களா? என்ஜின் நின்றிருக்கும்போது ரெகுலேட்டரின் 'பேட்', 'ஜென்' முனைகளை ஒரு ஒயரால் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். இதைச் செய்யாவிட்டால் ஜெனரேட்டர் தலைகீழாக மின்சாரம் எடுத்து ரெகுலேட்டரின் முனைகளைக் கருக்கிவிடும்.

அப்படியும் வரவில்லையென்றால், பாதி வேகத்தில் ஓடவிட்டு, ரெகுலேட்டரின் 'எஃப்' முனை ஒயரைக் கழற்றிச் சில விநாடி மட்டும் பாடியில் தொடுங்கள். பேட்டரியில் வோல்டேஜ் 14ஐத் தாண்டினால் ஜெனரேட்டர் நல்லது, குற்றவாளி ரெகுலேட்டர். அசையவில்லையென்றால் ஃபீல்டு சுற்றையும் ஒயரையும் பாருங்கள்.

இன்னொன்று: என்ஜின் ஓடாமல் சாவியை 'ஆன்' நிலையில் விட்டுப் போகாதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வெந்துவிடும்.

கேள்வி: வீல் ஹார்ஸில் பழைய கே-241 என்ஜினை எடுத்துவிட்டு 420 சி.சி. சீன என்ஜின் போடலாமா? (வாசகர், மிச்சிகன்)

பதில்: தாராளமாக. வீல் ஹார்ஸில் எல்லாமே ஒரு பக்க பெல்ட்டில் ஓடுவதால் இந்த மாற்றம் எளிது. கப் கேடட் என்றால் யோசிக்கச் சொல்லியிருப்போம். அங்கே என்ஜினின் முன்முனையில் புல்வெட்டி கிளட்ச், பின்முனையில் டிரைவ் ஷாஃப்ட்.

ஷாஃப்டின் குறுக்களவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம்: பழையது 1⅛ அங்குலம், புதியது 1 அங்குலம். பழைய புல்லியில் புஷ் அடிக்கலாம், ஆனால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. ஷாஃப்டின் உயரம் மாறுவதால் பெல்ட் நீளமும் நேர்கோடும் மாறும். நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்த பிறகே போல்ட் ஓட்டை போடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது ஒயரிங்கில். பழைய சாவி, ஓடும்போது காயிலுக்கு 12 வோல்ட் கொடுக்கும். புதிய என்ஜினில் பேட்டரி இல்லாமலே பொறி உண்டாக்கும் மேக்னெட்டோ. அதன் நிறுத்து ஒயரைப் பாடியில் தொட்டால்தான் நிற்கும். பழைய ஒயரை அதில் கொடுத்தால் புதிய காயில் சாவியைத் திருப்பிய உடனே போய்விடும். மேக்னெட்டோவுக்கான சாவி ஸ்விட்ச் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: ஜெனரல் எலெக்ட்ரிக் தயாரித்த எலெக்-டிராக் என்ற மின்சார டிராக்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. லித்தியம் பேட்டரி போடலாமா? (வாசகர், நியூயார்க்)

பதில்: ஈ-20 போன்ற பெரிய மாடல்கள் ஆறு 6 வோல்ட் பேட்டரியில், 36 வோல்ட்டில் ஓடுபவை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் 12ஐத் தொடராக இணைத்தால் 38.4 வோல்ட், மோட்டாருக்குப் பொருந்தும். செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். கட்டாயம். டிராக்டரிலேயே உள்ள பழைய சார்ஜரைத் துண்டித்துவிடுங்கள். அது ஈய பேட்டரிக்கானது. செல் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. ஈய பேட்டரிகளோடு நூறு கிலோவுக்கு மேல் எடை இறங்கிவிடுவதால், பனி தள்ளும் பலகை மாட்டினால் சக்கரம் வழுக்கும். பின்சக்கரங்களில் எடை மாட்டி, சங்கிலியும் போட்டுக்கொள்ளுங்கள்.