எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் தாக்கியபோது சென்னையில் சிலரே இறந்தார்கள். இன்றைய போர்களில் நகர மக்கள் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள்?

உயர் நீதிமன்ற வளாகத்தில் எம்டன் நினைவுக் கல்லைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. குறி, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். ஒவ்வொரு குண்டும் சுமார் 17 கிலோ எடைதான்.

இப்போது பல நாடுகளிடம் இருக்கும் மார்க் 84 விமானக் குண்டு ஏறக்குறைய 900 கிலோ. அதில் வெடிமருந்து மட்டுமே 400 கிலோவுக்கு மேல். "துல்லியமாகத் தாக்கும் குண்டு" என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்தத் துல்லியம் எங்கே விழுகிறது என்பதற்கு மட்டும்தான். விழுந்த பிறகு வெடிப்பின் அழுத்தமும் சில்லுகளும் ஆள் பார்ப்பதில்லை. மண்ணடி, சௌகார்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் ஒரு கட்டடம் சரிந்தால் பக்கத்து வீடுகளும் சேர்ந்தே சரியும். இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை எடுக்கக் கிரேன் வேண்டும், டீசல் வேண்டும். போர்க்காலத்தில் இரண்டுமே கிடைப்பது அரிது.

அப்புறம், கணக்கில் வராத சாவுகள். மின்சாரம் போனால் குடிநீர் நிலையம் நிற்கும், டயாலிசிஸ் நிற்கும், இன்சுலின் கெடும். இப்படி இறப்பவர்கள் பெரும்பாலும் குண்டுவீச்சுப் பட்டியலில் சேர்வதில்லை. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் இத்தகைய ஆயுதங்களைக் கட்டுப்படுத்த 2022 நவம்பரில் டப்ளினில் 80க்கும் மேற்பட்ட நாடுகள் ஒரு பிரகடனத்தை ஏற்றன. ஆனால் அது சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தாது.