கண்ணாடிக்குள் இருக்கும் பாதிரியார் படத்தைப் பிரிக்கலாமா?

கேள்வி: ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பழம்பொருள் கடையில், சட்டம் போட்ட பழைய புகைப்படம் ஒன்று வாங்கினேன். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிய வயதான பாதிரியார். பின்பக்கத் தாளில் 'ஜோவெட், பேலியல்' என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. படம் மஞ்சளடித்திருக்கிறது; ஓர் ஓரம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதுபோல் தெரிகிறது. இது அந்தக் காலத்து அசல் பிரதிதானா? பிரித்துத் துடைத்துப் புதுச் சட்டம் போடலாமா?

பதில்: தயவுசெய்து இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். உங்கள் கேள்வியில் பாதிக்கு மேல், சட்டத்தைத் தொடாமலே விடை கிடைத்துவிடும்.

பென்சில் எழுத்தை நம்பலாம் என்றால், அவர் பெஞ்சமின் ஜோவெட் (1817–1893). ஆங்கிலத் திருச்சபைக் குரு, ஆக்ஸ்ஃபோர்டில் 1855 முதல் கிரேக்கப் பேராசிரியர், 1870 முதல் பேலியல் கல்லூரித் தலைவர், பிளேட்டோவை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். நமக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. ஜி. யு. போப் 1900-இல் வெளியிட்ட திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில், 'பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் ஆயுள் நீளும், அதை முடிக்கும்வரை இருப்பீர்கள்' என்ற பொருளில் ஜோவெட் தன்னிடம் சொன்னதை நினைவுகூர்கிறார். அந்த முகம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்றால் எனக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் புகழ்பெற்றவர் என்பதே இங்கே சிக்கல். இப்படிப்பட்டவர்களின் படங்கள் கடைகளில் விற்றன, புத்தகங்களிலும் அச்சாயின. அதனால் படத்தில் இருப்பவரின் காலமும் பிரதியின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பென்சில் குறிப்பையும் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஜோவெட் படங்கள் இருக்கின்றன. முதலில் முகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்று வாங்கிக் கண்ணாடி வழியாகவே பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகப் படம். ஏதோ பத்திரிகையிலோ நூலிலோ வெட்டியது. பொடி தூவியதுபோல ஒழுங்கற்ற நுண்துகள் தெரிந்து, படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய கோடும் இருந்தால், செப்புத்தகட்டைக் கொண்டு தாளில் அச்சிட்ட படம். புள்ளியே இல்லாமல், சாயல் வழுவழுப்பாக ஓடி, அடியில் காகித நார் தெரிந்தால், முட்டை வெண்கரு பூசிய ஆல்புமின் பிரதி. 1850-களிலிருந்து 1890-கள் வரை அதிகம் புழங்கியது இதுதான். வெளிச்சமான பகுதிகள் மஞ்சளடிப்பதும், ஓரங்கள் வெளுப்பதும் அதன் இயல்பு. நீங்கள் சொல்லும் மஞ்சள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. மாறாக, கொஞ்சம் சாய்த்துப் பார்க்கும்போது இருண்ட பகுதிகளில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு வந்தால், ஜெலட்டின் பூசிய பிற்காலப் பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படம் ஒட்டிய அட்டையின் அடியில் ஸ்டூடியோ பெயர் இருக்கிறதா? பெயரை விட முகவரி உதவும், ஏனென்றால் ஸ்டூடியோக்கள் இடம் மாறுவதுண்டு. உதாரணமாக, எலியட் அண்ட் ஃப்ரை 1863-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடந்த நிறுவனம். வெறும் பெயரை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது.

சரி, ஒட்டிக்கொண்ட ஓரத்துக்கு வருவோம். எனக்குக் கவலை தருவது இதுதான். ஈரம் ஏறினால் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் காகிதம் உங்கள் கையிலும் முகம் கண்ணாடியிலும் வரும். தண்ணீர், ஆவி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஒரு நல்ல ஒளிப்படம் எடுத்துவைத்துக்கொண்டு, புகைப்படப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் அப்படியே கொண்டுபோங்கள். சட்டம் போடும் கடைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இந்த ஒரு வேலைக்கு அவர் வேண்டாம்.

பயிற்சி பெற்றவர் பிரிக்கும்போது அவரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கப் பழுப்புத் தாளையும் அதிலுள்ள எழுத்தையும் தூக்கி எறியக் கூடாது. படத்தை அதன் பழைய அட்டையிலிருந்து உரிக்கக் கூடாது. ஆல்புமின் தாள் மிக மெல்லியது, அட்டைதான் அதைச் சுருளாமல் பிடித்திருக்கிறது. பின்னால் மரப்பலகை இருந்தால் மட்டும் மாற்றலாம், ஏனென்றால் மரத்தின் அமிலம்தான் அட்டையைக் கருக்குகிறது. அதற்குப் பதில் பருத்தி இழை அட்டை வைத்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், இனி ஒட்டாது. பழைய சட்டம் உறுதியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை கண்ணாடியில் எதையும் தெளிக்காதீர்கள்; ஓரத்தில் வழிந்து உள்ளே போகும். உலர்ந்த மெல்லிய துணி போதும். வெயில் விழும் சுவர், ஹீட்டருக்கு மேல், குளிர்காலத்தில் வியர்க்கும் வெளிச்சுவர் இந்த மூன்றையும் தவிருங்கள். அருங்காட்சியகங்களில் ஆல்புமின் படங்களுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒளியின் அளவு) என்ற மங்கலான வெளிச்சம்தான், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். அதனால் என் விருப்பத்தைச் சொன்னால், நகல் ஒன்று எடுத்து அதை வரவேற்பறையில் மாட்டுங்கள். அசலை இருட்டான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். அப்புறம், கடை ரசீது இருந்தால் ஓர் உறையில் போட்டு அதோடு சேர்த்து வையுங்கள்.