இடும்பனுக்கே முதல் வணக்கம்

கேள்வி: கல்லூரி விடுமுறைக்கு வந்த என் பேத்தி, பகலெல்லாம் புராண நாவல்களாகவே படித்துத் தள்ளுகிறாள். நானும் நான்கைப் புரட்டினேன். ஒன்றில் அரக்கர்கள் நல்லவர்களாம். இன்னொன்றில் அர்ச்சுனனுக்கு மூலத்தில் இல்லாத ஒரு காதலி. சொந்தமாகக் கதை கட்டத் தெரியாதவர்கள் வியாசரிடமும் வால்மீகியிடமும் இரவல் வாங்கி, வாங்கியதையும் கெடுத்து வைக்கிறார்கள். மாயாஜால நாவல் என்பதே மேல்நாட்டுச் சரக்கு. மூலத்தை மாற்ற இவர்கள் யார்? சாகும்போது கர்ணன் தன் புண்ணியத்தை எல்லாம் தாரை வார்க்கிறானே, அதற்கு ஈடாக ஒரு பக்கம் எழுத இவர்களால் முடியுமா? புஷ்பக விமானத்தின் எந்திரத்தையும் எரிபொருளையும் விளக்கியிருக்கும் ஒரு நாவல் மட்டும் தேறும். நம் முன்னோரின் அறிவியலை அது சொல்கிறது. மற்ற குப்பைகளுக்கெல்லாம் உங்கள் இதழ் ஏன் மதிப்புரை போடுகிறது?
(வாசகர், பண்ணைக்காடு)

பதில்: கர்ணனிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் உருகிச் சொல்லும் அந்தக் காட்சி வியாசரிடம் இல்லை. வியாச பாரதத்தில், தேர்ச் சக்கரம் மண்ணில் புதைந்ததும் கர்ணன் தர்மத்தை நினைவூட்டி அவகாசம் கேட்கிறான். பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்தபோது அந்தத் தர்மம் எங்கே போயிற்று என்று கண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டு வாயை அடைக்கிறான். அர்ச்சுனன் அம்பு விடுகிறான், தலை விழுகிறது. முதிய அந்தணனாகக் கண்ணன் வந்து யாசிப்பதும், உடம்பில் வழியும் குருதியையே நீராக வார்த்துக் கர்ணன் புண்ணியத்தைக் கொடுப்பதும், இனி எத்தனை பிறவி எடுத்தாலும் இல்லாதவர்க்கு இல்லையென்று சொல்லாத நெஞ்சைத் தா என்று வேண்டுவதும், பிற்காலத்தில் தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பாடியவை. உங்கள் அளவுகோலைப் பிடித்தால் முதலில் கிழிக்க வேண்டியது நீங்கள் போற்றும் பக்கத்தைத்தான். எனக்கு அதில் சம்மதமில்லை, உங்களுக்கும் இருக்காது.

கம்பர் மட்டும் தப்புவாரா? இரணியன் வதை வால்மீகியில் கிடையாது. யுத்த காண்டத்தில், அண்ணனுக்குப் புத்தி சொல்லும் வீடணன் வாயில் அதை வைத்தவர் கம்பர். திருவரங்கத்து அரங்கேற்றத்தில் 'மூலத்தில் இல்லாததை எப்படிச் சேர்த்தீர்' என்று தடுத்தார்களாம், அக்கோயில் நரசிம்மரான மேட்டழகிய சிங்கரே தலையசைத்து ஒப்புக்கொண்டாராம். வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நடந்ததோ இல்லையோ, உங்கள் கேள்வியை அன்றைக்கே யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று ஊர் நினைவு வைத்திருக்கிறது. பதிலையும் கடவுள் தலையில் ஏற்றிச் சொல்லிவிட்டது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர்தான் அந்த மாற்றத்தையும் செய்தார். பணிவும் துணிவும் ஒரே ஆளிடம் இருந்தன. அர்ச்சுனனுக்குப் புதுக் காதலி என்று வருந்துகிறீர்களே, மதுரை அல்லியை அவனுக்குக் கட்டிவைத்தது யார்? பெரிய எழுத்துப் புத்தகத்தில் அந்தக் கதையை நம் பாட்டிமார் ராகம் போட்டுப் படித்தார்களே.

ஆகவே 'மாற்றினான்' என்ற குற்றச்சாட்டை நான் விசாரணைக்கே எடுப்பதில்லை. மாற்றியதால் கதைக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் பார்க்கிறேன். வில்லிபுத்தூரார் கைவைத்த பிறகு, கர்ணனைக் கொன்றது அம்பா அவனது கொடையா என்று கேட்கத் தோன்றுகிறது. முன்பு இல்லாத கேள்வி அது.

இப்போது நீங்கள் 'தேறும்' என்று விட்ட நாவலுக்கு வருகிறேன். நான்கில் எனக்குக் கோபம் வருவது அதன் மேல்தான். விமான சாத்திரம் என்று இவர்கள் காட்டும் 'வைமானிக சாஸ்திரம்' இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 1974இல் அதை ஆராய்ந்து, 1904க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை, அதில் சொன்ன கலங்கள் பறக்கவும் மாட்டா என்று எழுதிவிட்டார்கள். முன்னோரின் பெருமைக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிட்டால் வழக்கு தோற்றுப்போகும்.

அதைவிடப் பெரிய நட்டம் கதைக்கு. இராமாயணத்துப் புஷ்பகம் எரிபொருளால் ஓடுவதில்லை, ஏறியவன் மனத்தால் ஓடுகிறது. குபேரனுடையது, இராவணன் அண்ணனை வென்று பறித்துக்கொண்டது. போர் முடிந்து அயோத்தி சேர்ந்ததும் இராமன் செய்யும் வேலைகளில் ஒன்று, அதைக் குபேரனிடமே திருப்பி அனுப்புவது. வென்றவன் கைக்கு வந்த பொருள், உரியவனிடம் தானே பறந்து போகிறது! இதைவிட அழகான இடம் ஒரு நாவலாசிரியனுக்கு எங்கே கிடைக்கும்? எந்திரத்துக்கு நாற்பது பக்கம் ஒதுக்கிய உங்கள் ஆசிரியர் இந்தத் திரும்பிப் போதலுக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. கர்ணன் பேரில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்கிற நீங்கள், புஷ்பகத்தின் உயிரை எடுத்தவருக்குப் பாராட்டுக் கொடுக்கிறீர்கள்.

மாயாஜாலம் மேல்நாட்டுச் சரக்கு என்பதை எந்தத் தமிழ் வாசகரும் சொல்லக் கூடாது. மணிமேகலையைக் கையில் எடுங்கள். தெய்வம் அவளைத் தூக்கிப்போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. வேற்றுரு எடுக்க ஒன்று, வானில் போக ஒன்று, பசி தீர்க்க ஒன்று என்று மூன்று மந்திரம் கற்றுக்கொடுக்கிறது. துரத்தி வரும் உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். தன் மனைவியைத்தான் இளவரசன் தொடர்கிறான் என்று நினைத்த காயசண்டிகையின் கணவன் வாளை வீசி அவனை வெட்டிவிடுகிறான். தன்னைக் காக்கச் சொன்ன ஒரு மந்திரம், ஓர் உயிர் போகக் காரணமாகிறது. அவள் அதற்காக அழவும் செய்கிறாள். மந்திரம் போட்டால் விலை உண்டு. இந்தக் கணக்கை இன்றைய புராண நாவல்களில் பாதி மறந்துவிட்டன. யார் வேண்டுமானாலும் எந்த அத்திரத்தையும் விடுகிறார்கள், மறுநாள் காலையில் எல்லாரும் நன்றாக எழுந்து உட்காருகிறார்கள்.

அரக்கர் நல்லவர்களா என்றீர்கள். பழனிமலைக்காரர் இதைக் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். சிறுவயதில் தைப்பூசத்துக்குத் தாத்தா தோளில் காவடி, பின்னால் நான். பாதி மலையில் இடும்பன் சந்நிதி. அங்கே நிற்காமல் மேலே போகக் கூடாது என்பார். இடும்பன் யார்? அசுரன். அகத்தியருக்காகச் சிவகிரியையும் சக்திகிரியையும் பாம்புக் கயிற்றில் கட்டித் தண்டில் தூக்கி வந்தவன், ஆவினன்குடியில் இளைப்பாற இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்கினால் மலை அசையவில்லை. மேலே கோவணத்தோடு ஒரு சிறுவன் 'இது என் மலை' என்கிறான். சண்டையில் இடும்பன் விழுகிறான், இடும்பி அழுது வேண்ட உயிர் பெறுகிறான், காவலனாக நிற்கிறான். இன்றுவரை ஆண்டவனைப் பார்க்கப் போகிறவன் தோற்றுப்போன அசுரனுக்கு முதலில் கைகூப்புகிறான். காவடி என்பதே அவன் தூக்கிய சுமை. அசுரனுக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு, 'அரக்கர் நல்லவரா' என்று முகம் சுளிக்கலாமா?

இந்த நாவல்களில் எனக்கு வருத்தம் வேறொன்றில். அரக்கன் என்றால் கறுத்த உடம்பு, இலை உடை, எலும்பு மாலை, புரியாத பேச்சு, காட்டுக்குள் வீடு என்று கூசாமல் வரைந்துவிடுகிறார்கள். நம் மலையில் பளியர் வாழ்கிறார்கள். தேனடை எடுக்கும் முன் பளிச்சியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள், இந்தப் புத்தகங்களை வாசிக்கப் போகிறார்கள். அட்டைப்படத்துப் பூதத்தில் தங்கள் தாத்தாவின் முகச்சாயலைப் பார்த்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? மூலத்தை மாற்றியதற்காக நான் யாரையும் திட்டியதில்லை. இதற்காகத் திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன்.

'இரவல்' என்று சொன்னீர்களே, அதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். வியாசரிடம் நேரே வாங்கினால் பரவாயில்லை. இவர்கள் தொலைக்காட்சித் தொடரிடம் வாங்குகிறார்கள். எல்லாரும் அத்தினாபுரத்துக்கும் இலங்கைக்குமே ஓடுகிறார்கள். பண்ணைக்காட்டுக்கு அந்தப் பக்கம் தாண்டிக்குடி. முருகன் அங்கிருந்து தாண்டிக் குதித்துத்தான் பழனிக்குப் போனான் என்று ஊர்ப்பெயருக்கே ஒரு கதை. சுற்றிலும் கல்திட்டைகள். செத்தவர்களுக்காக யாரோ எழுப்பியவற்றைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்லிக் கதை வளர்த்திருக்கிறோம். இந்த மலையை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதே பேகன் மனைவி கண்ணகியைத் தனியே விட்டிருந்ததும், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய் அவளுக்காகக் கேட்டதும் புறநானூற்றில் 143 முதல் 147 வரை இருக்கின்றன. பசித்து வரவில்லை, சுமக்கச் சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் நான் கேட்கும் பரிசில் என்கிறார் பரணர். மயிலின் குளிரைக் கண்டவன் மனைவியின் குளிரைக் காணவில்லை. அவன் அன்றிரவு தேரேறினானா? பாட்டு சொல்லவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

மதிப்புரைகளை நிறுத்தப் போவதில்லை. உங்கள் பேத்தி அந்த நான்கில் எதை ஒரே மூச்சில் முடித்தாள், எதைப் பாதியில் மூடினாள், ஏன் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அவளுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.