ஓதம் ஏறிய சுவரும் ஒழுகும் மச்சும்: வடசென்னைப் பழைய வீடுகள் குறித்த கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையிலான கடலோரப் பகுதிகளிலிருந்து வந்தவை. கேட்டவர்களில் பாதிப் பேர் வீட்டை இடித்துக் கட்டப் பணமில்லை என்கிறார்கள். மீதிப் பேர் இடிக்க மனமில்லை என்கிறார்கள். இரு தரப்பினருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான் என்பதால், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் செய்து முடிக்க வேண்டியவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை சுவர் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு முறை சிமெண்ட் பூசி, ஓதம் தடுக்கும் பெயிண்டும் அடித்தோம். இப்போது ஓதம் ஐந்தடிக்கு ஏறிவிட்டது. சுவரை இடிப்பதைத் தவிர வழியில்லை என்கிறார் கொத்தனார். உண்மையா? (பழைய வண்ணாரப்பேட்டை)

உண்மையில்லை. ஓதம் ஐந்தடிக்கு ஏறியதற்குக் காரணமே நீங்கள் பூசிய சிமெண்ட்தான். உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. அக்காலத்து அடித்தளங்களில் ஓதத் தடுப்பு அடுக்கு எதுவும் பெரும்பாலும் இருக்காது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்தச் செங்கல் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். பழைய சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடந்தவரையில் சுவருக்குச் சேதம் குறைவாகவே இருந்தது. மூன்றடிக்கு நீங்கள் சிமெண்டால் வாயை அடைத்ததும், வெளியேற வழி தேடிய நீர் அதற்கு மேலே ஏறிப் புதிய இடத்தில் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

நிலத்து நீரோடு வரும் உப்பும் கடற்காற்று கொண்டுவரும் உப்பும் பூச்சுக்குப் பின்னால் படிகமாகத் திரண்டு பூச்சைத் தள்ளுகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். சென்னையில் இரவிலும் விடியற்காலையிலும் அந்த அளவைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. ஒரு சொட்டு மழை பெய்யாத நாளிலும் உங்கள் சுவர் காலையில் நசநசவென்றிருப்பது இதனால்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு நடைச் சுவரில் நானே இதே தவறைச் செய்தேன். பூச்சு தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளலாக ஒலிக்கத் தொடங்கியபோது சுரண்டிப் பார்த்தேன். உள்ளே அரை விரற்கடை கனத்துக்குப் பஞ்சுபோல் வெள்ளை உப்பு இருந்தது. கட்டட வேலை தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு அப்போதே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் இடுக்குகளை விரல்நுனி ஆழத்துக்குச் சுரண்டி, தை மாதத்திலிருந்து சித்திரை வரை சுவரைத் திறந்தே வையுங்கள். பூக்கும் உப்பை வாரம் ஒரு முறை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விரித்த பழைய செய்தித்தாளில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். பிறகு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல் சேர்த்துப் பூசுங்கள். இந்தப் பூச்சும் சில ஆண்டுகளில் உதிரும், உதிரவும் வேண்டும். சுவருக்குப் பதிலாக உப்பை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை.

இன்னொன்றையும் பாருங்கள். தார்ச்சாலையின் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில் உங்கள் திண்ணை தெருவைவிடத் தாழ்ந்து போயிருக்கிறதா? பழைய அடுக்கைச் சுரண்டிவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவில் அடுத்த முறை சாலை போட வரும்போது குடியிருப்போர் சேர்ந்து நின்று அதைக் கேட்பது, எந்தப் பெயிண்டையும்விட உங்கள் சுவருக்கு நல்லது.

மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மச்சு எங்களுடையது. மழை வலுத்தால் இரண்டு இடங்களில் ஒழுகுகிறது. மேலே ஓர் அங்குலம் சிமெண்ட் தளம் போட்டுவிடலாமா? (ராயபுரம்)

போட வேண்டாம். உங்களிடம் இருப்பது மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்கலைஞர்கள் பெயர் சொல்லி மதிக்கும் மச்சு. தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைக்கு மூலையாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. இன்று அந்த உழைப்பை விலை கொடுத்து வாங்குவது எளிதல்ல.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் மேல் ஓர் அங்குலம் சிமெண்ட் கலவை பரப்பினால் அரை டன்னுக்கு மேல் கூடுதல் எடை அந்தப் பழைய கட்டைகளின் தலையில் ஏறுகிறது. அத்துடன், வெயிலில் சிமெண்ட் விரிவதும் சுண்ணாம்புத் தளம் விரிவதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால் ஓரிரு கோடைகளில் மயிரிழை விரிசல்கள் விழும். அவற்றின் வழியே இறங்கும் நீர் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே தேங்கி, ஒழுகும் இடம் எது, நீர் புகும் இடம் எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடும்.

முதலில் மொட்டை மாடியில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து எங்கே தேங்கியிருக்கிறது என்று சாக்பீஸால் வட்டமிடுங்கள். என் அனுபவத்தில் ஒழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றுதான்: மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்த சருகு, தளத்தின் மேல் பதித்த தட்டோடுகளின் இடுக்கில் உதிர்ந்துபோன கலவை, கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையில் முளைத்த அரசங்கன்று. தட்டோட்டு இடுக்குகளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, ஈரப்படுத்தி, சலித்த செங்கற்பொடியும் சுண்ணாம்பும் கடுக்காய் நீரில் குழைத்து அழுத்தி நிரப்புங்கள். மூன்று நாள் ஈரச் சாக்கு போர்த்துங்கள். அரசங்கன்றை ஒடித்துப் போட்டால் மறுபடி தழைக்கும். அந்த இடத்தில் இரண்டு செங்கல்லைப் பெயர்த்து வேரை முழுமையாக எடுத்த பிறகே மூட வேண்டும்.

மழைக்காலத்தில் சமையலறைச் சுவரைத் தொட்டால் சுரீரென்கிறது. சுவர் காய்ந்தால் சரியாகிவிடும்தானே? (கொருக்குப்பேட்டை)

ஆகாது. இன்றே மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். மரப்பட்டியில் ஓடும் பழைய வயரின் உறை நொறுங்கி, ஈரச் சுவர் மின்சாரத்தைக் கடத்துகிறது. எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். சிக்கனத்தைப் பற்றி எழுதுபவன்தான் நான்; இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஏசி கிடையாது. நான்கு மின்விசிறி, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மோட்டார். இருந்தும் இரண்டு மாதக் கணக்கு 560 யூனிட்டுக்குப் போகிறது. எதைக் குறைப்பது? (தண்டையார்பேட்டை)

மின்விசிறியை. பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும்; ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். பிஎல்டிசி என்ற மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட விசிறி 30 வாட் அளவில் ஓடுவதால் அதே உழைப்புக்கு 29 யூனிட் போதும். அதிகம் ஓடும் மூன்று விசிறிகளை மாற்றினாலே சுமார் 130 யூனிட் குறைந்து நீங்கள் 430-க்கு வந்துவிடுவீர்கள். இந்த இறக்கத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு: முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம் என்றாலும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த கட்டணம் 500-ஐத் தாண்டாதவர்களுக்கு மட்டுமே. மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. படுக்கையறை விசிறியிலிருந்து தொடங்குங்கள்.

ஃபிரிட்ஜை ஓதச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னே இழுங்கள்.

கூடத்து உத்திரத்தின் ஓரத்தில் கரையான் மண்கோடு தெரிகிறது. பர்மா தேக்கு, நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று பழைய மரம் வாங்குபவர் ஒருவர் வருகிறார். கொடுத்துவிட்டு இரும்பு கர்டர் போடலாமா? (காசிமேடு)

காசிமேட்டின் உப்புக் காற்றில் தேக்கை எடுத்துவிட்டு இரும்பை வைப்பது, நல்ல மாட்டை விற்று நொண்டிக் குதிரையை வாங்குவதாகும். உங்கள் ஜன்னல் கம்பிகளின் கதியைப் பார்த்தாலே அந்த இரும்பின் எதிர்காலம் தெரியும்.

கரையான் முற்றிய தேக்கின் நடுப்பகுதியை எளிதில் தொடாது. ஈரமான சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் பலவீனமான இடம். ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் உத்திரத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஒலி மழுங்கும் இடத்தில் கூர்முனையால் குத்துங்கள். அரை விரற்கடைக்கு மேல் இறங்காவிட்டால் கவலையில்லை. மண்கோட்டைச் சுரண்டி, அது எங்கிருந்து புறப்படுகிறது என்று தரைவரை பின்தொடர்ந்து மருந்திடுங்கள். மேலே ஒழுகும் இடத்தை அடைக்காமல் மருந்தடிப்பது வீண் செலவு. முனையில் முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசுவது பழைய வழக்கம், பலனும் தரும். ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும் என்பதால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முனை ஓரடிக்கு மேல் உளுத்திருந்தால் முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சிவப்புக் காவித் தரை மங்கிவிட்டது. டைல்ஸ் போடச் சொல்கிறார்கள். (மண்ணடி)

ஆசிட் கலந்த தரைகழுவியை நிறுத்துங்கள். வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு ஒரு துணியில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மாதம் ஒரு முறை தேயுங்கள். மூன்றாம் மாதம் டைல்ஸ் பேச்சு தானாக அடங்கும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க எண்ணுகிறோம். மழை முடிந்த கையோடு அடித்தால் நிற்காது, எமல்ஷனே மேல் என்கிறார் கடைக்காரர். சுண்ணாம்பை வீட்டிலேயே தயாரிக்க முடியுமா? (திருவொற்றியூர்)

கடைக்காரர் சொல்வதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் வற்றாத மார்கழி மாதச் சுவரில் எமல்ஷன்தான் கொப்புளிக்கும். சுண்ணாம்புக்கோ சற்று ஈரமான சுவர் பிடிக்கும், ஏனெனில் அது மெல்லக் காய்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டுதான் கல்லாகிறது. போகிக்கு முன் வெள்ளையடித்த நம் பெரியவர்கள் நாள் பார்த்ததில் தவறில்லை.

புதிதாகச் சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கு. பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் விடாதீர்கள். வெண்மையில் அதற்கு ஈடில்லை. தகர டிரம்மில் பாதித் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்; சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். இரண்டு நாள் ஊறியபின் மீதித் தண்ணீரைச் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த வஜ்ஜிரப் பசையும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்தால் தயார். சிலர் ஒட்டுவதற்காகக் கல்லுப்புப் போடுவார்கள். ஏற்கெனவே உப்பில் ஊறிய கடலோரச் சுவருக்கு அது வேண்டாம். பால் பதத்தில் மூன்று முறை மெல்லியதாக அடியுங்கள். ஒரே முறையில் கெட்டியாக அடித்தால் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். முன்பு எமல்ஷன் அடித்திருந்தால் அதைச் சுரண்டாமல் இது பிடிக்காது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் எண்ணெய் கலந்த நீர் புகுந்தது. எத்தனை முறை அடித்தாலும் சுவரில் அந்தக் கறுப்புக் கோடு மேலே வந்துவிடுகிறது. (எர்ணாவூர்)

எண்ணெய் காரைக்குள் இறங்கிவிட்டது. அதன் மேல் எது அடித்தாலும் ஒட்டாது. கோட்டுக்கு அரையடி மேலிருந்து தரைவரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாகப் பூசுவதே வழி. கொத்திய காரையைத் தோட்டத்திலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள்.

கொல்லையில் பழைய உறைகிணறு இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் உவர்க்கிறது. மூடிவிட்டு ஆழமாக போர் போடலாமா? (புது வண்ணாரப்பேட்டை)

கடலோரத்தில் ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற கணக்கு பெரும்பாலும் பொய்த்துவிடும். மழைநீர், கனமான உப்புநீரின் மேல் ஆடைபோல் மிதக்கிறது. ஆழத்திலிருந்து உறிஞ்ச உறிஞ்ச உப்பு மேலே ஏறும். கிணற்றை மூடாமல், மாடித் தண்ணீரை அதில் விடுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பது உங்களுக்கும் தெரிந்ததே. சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். 600 சதுர அடி மாடியில் அதில் ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் 60,000 லிட்டருக்கு மேல் வரும். குழாய்க்கும் கிணற்றுக்கும் நடுவே ஜல்லி, மணல் நிரப்பிய தொட்டி ஒன்று வேண்டும். முதல் மழை மாடியைக் கழுவும் அழுக்குநீர். அதைத் தெருவில் விட்டுவிட்டு, இரண்டாம் மழையிலிருந்து கிணற்றுக்குத் திருப்புங்கள். குடிக்க ஆகாது, துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் அது போதும்.