காரின் பக்கக் கண்ணாடி சுவிட்சை அழுத்தினாலும் நகரவில்லை, கோளாறு எங்கே இருக்கும்?

பவர் மிரர் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவிட்ச் மூலம் திருப்பக்கூடிய பக்கக் கண்ணாடி, அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால் பொதுவாக இரண்டு குட்டி 12 வோல்ட் மோட்டார்கள் இருக்கும். ஒன்று மேலும் கீழும் அசைக்க, இன்னொன்று இடம் வலமாகத் திருப்ப. மின்சாரம் பாயும் திசையை சுவிட்ச் மாற்றினால் மோட்டாரும் எதிர்த்திசையில் சுழலும்.

முதலில் சாவியை ஆன் செய்துவிட்டு, இடது வலது தேர்வுக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நடுவில் இருந்தால் எதுவும் நகராது (இதற்காகவே மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு!). இரண்டு பக்கமும் வேலை செய்யவில்லையா, பெரும்பாலும் ஃபியூஸ் அல்லது சுவிட்ச்தான்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் வந்தும் கண்ணாடி அசையாவிட்டால் மோட்டார் சுழல்கிறது, ஆனால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கண்ணாடி பிடிப்பிலிருந்து கழன்றிருக்கும். சத்தமே இல்லையா? ஒயரைச் சந்தேகப்படுங்கள். கதவுக் கீல் பக்கத்தில் ரப்பர் உறைக்குள் போகும் ஒயர், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வளைந்து வளைந்து, போன் சார்ஜர் ஒயர் கழுத்தில் அறுந்துபோகிற மாதிரி, வெளியே தெரியாமலே உள்ளே அறுந்துவிடும். அப்புறம் கதவின் உள்பலகையைக் கழற்றி, சுவிட்சை அழுத்தியபடி மிரர் கனெக்டரில் (மிரருக்கான ஒயர் செருகும் இடம்) மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வருகிறதென்றால் மோட்டார் போய்விட்டது, வராவிட்டால் ஒயர் அல்லது சுவிட்ச்.

மோட்டார் போனால் மிரர் முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பல கார்களில் கண்ணாடியை மட்டும் கழற்றி மோட்டாரைத் தனியாகவே மாற்றிவிடலாம்.