ரப்பர் பால் பிரிக்கும் இயந்திரத்தில் புரதத்தை நிறுக்கலாமா?

கேள்வி: பினாங்கு கெலுகோரில் முதுகலை ஆய்வு செய்கிறேன் ஐயா. ரப்பர் பாலைச் சுழற்றினால் பிரியும் தெளிந்த நீர்ப்பகுதியான சி-சீரத்திலிருந்து ஒரு புரதத்தைச் சுத்தம் செய்தேன். எஸ்டிஎஸ் என்ற சோப்பு வேதிப்பொருள் கலந்து ஓட்டும் ஜெல்லில் 30 ஆயிரம் டால்டன் (மூலக்கூறு எடை அலகு), துளையுள்ள மணிகள் வழியே அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷனில் 95 ஆயிரம். இயல்பில் இந்த 30 ஆயிரம் அலகுகள் இரண்டு சேர்ந்ததா, மூன்றா? எங்களிடம் பால் பிரிக்கிற சாதாரண அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ்தான் (அதிவேகச் சுழல் இயந்திரம்) இருக்கிறது.

பதில்: அதுவே போதும் தம்பி.

எஸ்டிஎஸ் புரதத்தைத் தனித்தனி அலகுகளாகக் கழற்றிப் போட்டுவிடும். 64,500 டால்டன் ஹீமோகுளோபின்கூட ஜெல்லில் 16 ஆயிரத்தில்தான் நிற்கும். ஜெல் ஃபில்ட்ரேஷனுக்குத் தெரிவது உருவ அளவு மட்டும். நீளமான புரதம் தன் எடைக்கு மீறிச் சீக்கிரமே வெளியே வந்துவிடும். எனவே 95 ஆயிரத்தைப் பார்த்ததும் மூன்று என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

1924 வாக்கில் ஸ்வீடனின் உப்சாலாவில் வேதியியலாளர் ஸ்வெட்பெர்க் அமைத்த இயந்திரத்தில், புரதம் இறங்குவதைச் சுழலும்போதே படமெடுக்க முடிந்தது. உங்களுடையதில் அந்த வசதி கிடையாது. அதற்குப் பதில் சுக்ரோஸ் கிரேடியன்ட், அதாவது மேலிருந்து கீழே செறிவு கூடும் சர்க்கரைக் கரைசல், போடுங்கள்: 5 முதல் 20 சதவீதம், உங்கள் புரதம் இருக்கும் பஃபர் கரைசலிலேயே. சுழலும்போது குழாய்கள் கிடைமட்டமாக விரியும் ஸ்விங்-அவுட் ரோட்டர் கட்டாயம் வேண்டும். பிப்பெட் முனையைக் குழாய்ச் சுவரில் ஒட்டிப் புரதத்தை மெல்ல மேலே படரவிடுங்கள். அது சரிகைபோல் நெளிந்து கீழே இறங்கினால் அந்தக் குழாய் வீண், புதிதாக ஊற்றுங்கள். பக்கத்துக் குழாயில், ஒப்பிட, ஸ்வெட்பெர்க் எண் (இறங்கும் வேகத்தின் அளவு) தெரிந்த புரதங்களான லைசோசைம் (1.9 ஸ்வெட்பெர்க்), மாட்டு அல்புமின் (4.3), அல்டோலேஸ் (7.3) ஆகியவற்றைப் போடுங்கள். நிறுத்தும்போது பிரேக் வேண்டாம், அடுக்கு குலையும். குழாயிலிருந்து அடுக்கடுக்காக எடுத்த பின்னங்களை ஜெல்லில் ஓட்டினால் எது எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். இறங்கிய தூரம் ஏறக்குறைய ஸ்வெட்பெர்க் எண்ணுக்கு நேர்விகிதம்.

இனி கணக்கு. ஸ்வெட்பெர்க் எண்ணை ஜெல் ஃபில்ட்ரேஷன் தரும் நானோமீட்டர் ஆரத்தால் பெருக்கி, அதை 4,200 ஆல் பெருக்கினால் டால்டன். உங்கள் 95 ஆயிரத்துக்கு ஆரம் சுமார் 4 நானோமீட்டர் வரும். இரண்டு சேர்ந்தது, அதாவது 60 ஆயிரம் என்றால் எண் 3.6. மூன்று என்றால் 5.4. அல்புமின் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது, பாருங்கள்! உங்கள் புரதம் அதற்கு மேலே நின்றால் இரண்டு, தாண்டி இறங்கினால் மூன்று. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

ஒன்றில் மட்டும் கவனம். 4,200 என்பது ஒரு கிராம் புரதம் 0.73 மில்லிலிட்டர் இடம் பிடிக்கும் என்ற கணக்கில் வந்தது. அதில் 0.01 பிசகினாலே எடை 4 சதவீதம் தவறும். புரதத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தால் இந்த 0.73 குறையும், முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். செறிவை மாற்றி இன்னொரு முறையும் ஓட்டுங்கள். நீர்த்த கரைசலில் சில புரதங்கள் பிரிந்துவிடும்.