பிக்கப்பை உயர்த்திப் பெரிய டயர் போட்டால் மீட்டர் ஏன் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது?
கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டால் வண்டி ஓடுவது ஒரு வேகம், மீட்டர் காட்டுவது ஒரு வேகம். மீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை, சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கு நூறு எட்டு வைத்தால் அப்பா முன்னால் போயிருப்பார் இல்லையா? அதேதான். 29 அங்குல டயரை 32 ஆக்கினால் ஒரு சுற்றுக்குப் பத்து சதவீதம் கூடுதல் தூரம். களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி, நாங்குநேரி நான்குவழிச் சாலையில் மீட்டரில் 80 பார்த்து வருகிறவர் உண்மையில் 88-ல் வருகிறார். பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். பாரத்தோடு வரும்போது இது சின்ன விஷயமில்லை.

அப்புறம், வண்டியை உயர்த்தினாலே பின் அச்சில் கல் இடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். உயர்வது உடம்பு மட்டும்தான், அச்சை உயர்த்துவது டயர், அதுவும் கூடிய 3 அங்குலத்தில் பாதிதான்.